வராத சேனலுக்காக 12 ஆண்டுகள்

அமெரிக்க மேற்குக் கரையின் கல்லூரி விளையாட்டு ரசிகர்கள் கேட்டது ஒரே ஒரு சேனல். டைரக்டிவி என்ற டிஷ் சேவையை வைத்திருந்த வீடுகளுக்கு அது கடைசிவரை வரவில்லை. பிறகு சேனலும் போனது, நூறாண்டுப் பழமையான கூட்டமைப்பும் சிதறியது.

2007 செப்டம்பர் 1, சனிக்கிழமை. மிச்சிகன் மாநிலம், ஆன் ஆர்பர் நகரம். மைதானத்தில் 1,09,218 பேர். ஆட்டம் முடிய ஆறு விநாடிதான் பாக்கி. மிச்சிகன் பல்கலைக்கழக அணி 32 புள்ளி, எதிரே அப்பலாச்சியன் ஸ்டேட் 34. பந்தை 37 கெஜத்திலிருந்து உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பிவிட்டால் மிச்சிகன் தப்பித்துவிடும். பந்து வருகிறது, பிடித்து நிறுத்துகிறார்கள், உதைக்கிறார்கள். ஓரத்திலிருந்து பாய்ந்து வந்த கோரி லின்ச் உடம்பைக் குறுக்கே போட்டுப் பந்தை மறித்து, கையில் எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடத் தொடங்குகிறார். ஒரு லட்சம் பேர் இருந்த மைதானத்தில் பேச்சு மூச்சில்லை.

நாட்டின் ஐந்தாம் நிலை அணி, ஒரு படி கீழே உள்ள பிரிவில் ஆடும் மலையூர்க் கல்லூரியிடம் சொந்த மண்ணில் தோற்றுவிட்டது. தரவரிசையில் இருந்த அணி ஒன்று அப்படித் தோற்றது அதுதான் முதல் முறை. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இன்றைக்கும் பேசப்படும் ஆட்டம் அது.

அந்த ஆட்டத்தை மிச்சிகன் மாநிலத்திலேயே பெரும்பாலான கேபிள் வீடுகளில் பார்க்க முடியவில்லை. அதை ஒளிபரப்பியது மிச்சிகன் ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் சேனலான பிக் டென் நெட்வொர்க். அது தொடங்கி இரண்டே நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பகுதியின் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் அந்தச் சேனலைச் சேர்க்க மறுத்திருந்தது. டைரக்டிவி டிஷ் வைத்திருந்தவர்கள் பார்த்தார்கள். மற்றவர்கள் டிஷ் இருக்கும் பார்களைத் தேடிப் போனார்கள், அல்லது வானொலியில் கேட்டார்கள்.

காம்காஸ்ட் வாடிக்கையாளர்களின் காத்திருப்பு பத்து மாதத்தில் முடிந்தது. 2008 ஜூனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நான்காண்டு கழித்து அதே மாதிரி ஒரு காத்திருப்பு மேற்குக் கரையில் தொடங்கியது. அது முடியவே இல்லை.

முழுக்க நமக்கே சொந்தம்

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு என்பது நாம் நினைக்கும் பல்கலைக்கழகப் போட்டி அல்ல. ஒரு லட்சம் பேர் உட்காரும் மைதானம், கோடிகளில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர், பரம்பரை பரம்பரையாக ஒரே அணியைப் பின்தொடரும் குடும்பங்கள் எல்லாம் அதில் உண்டு. பல்கலைக்கழகங்கள் ‘கான்ஃபரன்ஸ்’ என்ற கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. டிவி உரிமையைச் சேர்ந்தே விற்றுப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

மேற்குக் கரையின் கூட்டமைப்பு 1915-ல் உருவானது. 2011-ல் யூட்டாவும் கொலராடோவும் சேர்ந்தபின் அதன் பெயர் பேக்-12. ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி, யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி., வாஷிங்டன், ஆரிகன், அரிசோனா ஸ்டேட் என்று அதன் உறுப்பினர்களை அடுக்கினால் தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பட்டியல் போலவே இருக்கும். சிலிக்கான் பள்ளத்தாக்கிலும் சியாட்டிலிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு இவை சொந்தக் கல்லூரிகள்.

2009-ல் அதன் ஆணையரானவர் லாரி ஸ்காட். பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து வந்தவர். 2011 மே மாதம் ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டிடமும் 12 ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். அன்றைக்கு அது நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்த தொகை. சில மாதங்களில் அடுத்த அறிவிப்பு வந்தது: பேக்-12 சொந்தமாகச் சேனல் தொடங்கும். தேசிய அளவில் ஒன்று, வட்டாரத்துக்கு ஒன்றாக ஆறு, ஆக ஏழு. பிக் டென் சேனலில் தொடக்கத்தில் ஃபாக்ஸ் நிறுவனத்துக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு இருந்தது. பேக்-12 சேனல்களில் வெளியார் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. நூற்றுக்கு நூறு பல்கலைக்கழகங்களுடையது.

இந்த முடிவை இன்று எல்லோரும் பழிக்கிறார்கள். நான் அதை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். மாணவர்கள் வியர்வை சிந்தி ஆடும் ஆட்டத்தின் வருமானம் இடைத்தரகர் கைக்குப் போகாமல் கல்லூரிக்கே வர வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. தவறு வேறு இடத்தில் நடந்தது. சேனலை யார் வைத்திருப்பது என்று யோசித்தவர்கள், அது எத்தனை வீட்டில் தெரியும் என்பதை அதே அக்கறையோடு யோசிக்கவில்லை.

2007-ல் டைரக்டிவி ஏன் முதல் நாளே பிக் டென் சேனலைக் காட்டியது? அப்போது டைரக்டிவியைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது ஃபாக்ஸின் தாய் நிறுவனமான நியூஸ் கார்ப். கதவைத் திறக்கும் கையும் உள்ளே வரும் கையும் ஒரே ஆளுடையது. பேக்-12 பக்கத்தில் அப்படி ஒரு கை இல்லை.

80 சென்ட் கணக்கு

2012 ஆகஸ்ட் 15 அன்று பேக்-12 சேனல்கள் ஒளிபரப்பைத் தொடங்கின. காம்காஸ்ட், டைம் வார்னர் கேபிள், காக்ஸ், பிரைட் ஹவுஸ் என்று நான்கு கேபிள் நிறுவனங்கள் முதலிலேயே கையெழுத்திட்டிருந்தன. அடுத்த மாதம் டிஷ் நெட்வொர்க் சேர்ந்தது. நாடு முழுவதும் சுமார் 2 கோடிச் சந்தாதாரர்களை வைத்திருந்த டைரக்டிவி வெளியே நின்றது.

சண்டை எதைப் பற்றி? ஒவ்வொரு சந்தாதாரருக்கும் மாதம் இவ்வளவு என்று டிவி நிறுவனம் சேனலுக்குக் கொடுக்க வேண்டும். பேக்-12 பல்கலைக்கழகங்கள் உள்ள ஆறு மாநிலங்களில் இந்தத் தொகை சுமார் 80 சென்ட் என்று அப்போது செய்திகள் வெளிவந்தன. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் அது கட்டணத்தில் ஏறும். நல்ல ஆட்டங்களை ஏற்கெனவே ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் வழியாகக் காட்டுகிறோம், அதற்கும் பணம் கொடுக்கிறோம், மிச்சத்துக்காக எல்லா வாடிக்கையாளரிடமும் ஏன் வாங்க வேண்டும் என்று டைரக்டிவி கேட்டது. வேண்டுமானால் விரும்புகிறவர்களுக்கு மட்டும் தனியாக விற்கிறோம் என்றது.

அதைப் பேக்-12 ஏற்க முடியாது. தனியாக விற்றால் தீவிர ரசிகர்கள் மட்டுமே வாங்குவார்கள், வருமானம் சுருங்கிவிடும். விலையைக் குறைத்தாலோ, முன்பே ஒப்பந்தம் போட்ட கேபிள் நிறுவனங்கள் அதே விலையைத் தங்களுக்கும் கேட்கும். இரண்டு பக்கமும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்கில் சேராமல் நின்றவர்கள் ரசிகர்கள்.

இந்தியாவில் இந்தச் சண்டைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. கட்டணச் சேனல் வைத்திருப்பவர் கேட்கும் விநியோக நிறுவனத்துக்குச் சிக்னல் கொடுத்தாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2004-லேயே விதி செய்தது. 2019 முதல் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் மாத விலையை அறிவிக்கவைத்து, தனித்தனியாக வாங்கும் உரிமையைச் சந்தாதாரருக்குக் கொடுத்தது. அந்த முறையிலும் குறைகள் உண்டு. ஆனால் வேண்டிய சேனலை விலை கொடுத்து வாங்கக்கூட முடியாமல் ஒரு ரசிகர் 12 ஆண்டு நிற்கும் நிலை இங்கே வராது.

2015-ல் ஏடி அண்ட் டி நிறுவனம் டைரக்டிவியை வாங்கியபோது ரசிகர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. காரணம், அந்த நிறுவனம் பேக்-12 கூட்டமைப்பின் விளம்பரதாரர். அதன் யு-வெர்ஸ் சேவையில் பேக்-12 சேனல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இனி டைரக்டிவியிலும் வந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். வரவில்லை. 2018 டிசம்பரில் யு-வெர்ஸிலிருந்தும் சேனல் எடுக்கப்பட்டது.

[பெட்டிச் செய்தி] காத்திருந்தவர்கள்

பிக் டென் நெட்வொர்க், 2007: காம்காஸ்ட் ஒப்பந்தத்துக்குப் பத்து மாதம்.

லாங்ஹார்ன் நெட்வொர்க், 2011: டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக மட்டும் ஈஎஸ்பிஎன் நடத்திய சேனல். டைரக்டிவியில் வந்தது 2014 டிசம்பரில்.

டாட்ஜர்ஸ் சேனல், 2014: கல்லூரி அல்ல, லாஸ் ஏஞ்சலிஸ் பேஸ்பால் அணி. டைரக்டிவியில் வர 2020 ஏப்ரல் ஆனது. 67 பருவங்கள் வர்ணனை செய்த வின் ஸ்கல்லி 2016-ல் ஓய்வுபெற்றார். அவருடைய கடைசிப் பருவங்களை அந்நகரின் பெரும்பாலான வீடுகளால் கேட்க முடியவில்லை.

எஸ்.இ.சி. நெட்வொர்க், 2014: தென்கிழக்குக் கூட்டமைப்பின் சேனல், ஈஎஸ்பிஎன் உடைமை. தொடங்கிய நாளிலேயே பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இருந்தது.

ஏ.சி.சி. நெட்வொர்க், 2019: அட்லான்டிக் கரைக் கூட்டமைப்பின் சேனல், இதுவும் ஈஎஸ்பிஎன் உடைமை. காம்காஸ்டில் வந்தது 2021 டிசம்பரில்.

பேக்-12 நெட்வொர்க், 2012: டைரக்டிவியில் வரவே இல்லை.

‘நிறுவனத்தை மாற்றிக்கொள்ளுங்கள்’

டைரக்டிவியை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போய்விடுங்கள் என்று கூட்டமைப்பே ரசிகர்களுக்கு வெளிப்படையாக அறிவுரை சொன்னது. மேடையில் சொல்ல எளிது. வீட்டில் செய்வது அவ்வளவு எளிதல்ல.

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தான என்.எஃப்.எல். ஆட்டங்களில் உள்ளூர் டிவியில் வராதவற்றை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பார்க்க ‘சண்டே டிக்கெட்’ என்று ஒரு தொகுப்பு உண்டு. 1994 முதல் 2022 வரை வீடுகளில் அது டைரக்டிவியில் மட்டுமே கிடைத்தது. சனிக்கிழமை கல்லூரிக் கால்பந்து பார்ப்பவரும் ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல். பார்ப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். விளையாட்டு வெறியர்கள் டைரக்டிவியைத் தேடிப் போனதே விளையாட்டுக்காக. எந்த நிறுவனத்தில் தீவிர ரசிகர்கள் குவிந்திருந்தார்களோ, அந்த நிறுவனத்தில்தான் பேக்-12 சேனல் இல்லை.

விளையாட்டு பார்களின் கதையும் இதுவே. ஞாயிறு வியாபாரம் வேண்டுமென்றால் டைரக்டிவி வைத்தாக வேண்டும். சுவர் முழுக்கத் திரைகள் இருக்கும். ஓஹையோவின் ஆட்டமும் அலபாமாவின் ஆட்டமும் ஓடும். ஆனால் அந்த ஊர்க் கல்லூரியின் ஆட்டம் பேக்-12 சேனலுக்குப் போயிருந்தால், கல்லூரிச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்தவர்களிடம் இல்லை என்றுதான் கடைக்காரர் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு ஆட்டத்துக்காகக் கடையின் இணைப்பையே மாற்ற யாரால் முடியும்?

கிழக்கு வாஷிங்டனின் கோதுமை வயல்களில் நிலைமை இன்னும் மோசம். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் புல்மன் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. வயலுக்கு நடுவே தனியாக நிற்கும் பண்ணை வீடுகளுக்குக் கேபிள் போகாது. கூரையில் டிஷ் வைத்தால்தான் டிவி. டைரக்டிவியிலிருந்து டிஷ் நெட்வொர்க்குக்கு மாறலாம்தான். ஒப்பந்தக் காலம் முடியுமுன் மாறினால் மிச்ச மாதங்களுக்கு அபராதம். மாறிய பின் ஞாயிற்றுக்கிழமைத் தொகுப்பு இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தலைமுறைகளாகப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் இவை. இவர்களைத்தான் அந்தச் சேனல் முதலில் எட்டியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கைபேசிச் செயலி இருந்ததே என்று கேட்கலாம். செயலியைத் திறந்ததும் அது கேட்கும் முதல் கேள்வி, உங்கள் டிவி நிறுவனம் எது என்பதுதான். சின்னங்கள் வரிசையாக வரும். நம் நிறுவனத்தின் சின்னத்தைத் தொட்டு, கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் ஆட்டம் ஓடும். டைரக்டிவிக்காரர் அந்த வரிசையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு மூடிவைக்க வேண்டியதுதான். மாதம் நூறு டாலருக்கு மேல் டிவிக்குக் கட்டிய வீடுகளிலும் இதுதான் நடந்தது. பின்னாளில் ஸ்லிங், ஃபூபோ போன்ற இணையச் சேவைகளில் சேனல் கிடைத்தது. அதற்குத் தனிச் சந்தா.

வாலிபாலும் வாட்டர் போலோவும்

கால்பந்து ரசிகரின் கோபம் பெரிதாகக் கேட்கும். அதனால் இன்னொரு இழப்பு கவனிக்கப்படாமல் போகிறது. பேக்-12 சேனல்கள் ஆண்டுக்குச் சுமார் 850 போட்டிகளை நேரலையில் காட்டின. அவற்றில் கால்பந்து மிகச் சிறிய பகுதி. பெண்கள் வாலிபால், சாஃப்ட்பால், ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல், வாட்டர் போலோ, மல்யுத்தம் என்று வேறு எந்தச் சேனலும் தொடாத ஆட்டங்கள் எல்லாம் அங்கே வந்தன. 500-க்கும் அதிகமான தேசியப் பட்டங்களை வென்ற கூட்டமைப்பு அது. அந்தப் பட்டங்களில் பெரும்பகுதி இந்த ஆட்டங்களில் கிடைத்தவை. ஸ்டான்ஃபோர்டின் வாலிபால் அணியும் யு.சி.எல்.ஏ.யின் சாஃப்ட்பால் அணியும் தங்கள் துறையில் நாட்டிலேயே முதல் வரிசை.

அந்தச் சேனல் செய்த மிக நல்ல காரியம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் நடக்கும் நீச்சல் போட்டிக்கும் நல்ல கேமரா, நல்ல வர்ணனையாளர், ஆட்டம் தெரிந்த விமர்சகர் எல்லாம் கிடைத்தார்கள். வேறு மாநிலத்தில் இருக்கும் பெற்றோர் மகளின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்தச் சேனல் ஒன்றே வழி. அந்தப் பெற்றோர் டைரக்டிவி வைத்திருந்தால் அந்த வழியும் இல்லை. பயிற்சியாளர்கள் பள்ளி மாணவிகளைச் சேர்க்கப் போகும்போது ‘எங்களிடம் வந்தால் டிவியில் வருவாய்’ என்று சொல்வதுண்டு. மாணவியின் வீட்டு டிவியிலேயே வராத சேனலை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

மேற்குக் கரை ஆட்டங்களுக்கு நேரமும் எதிரி. அங்கே இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் நியூயார்க்கில் பத்தரைக்குத்தான் தொடங்கும். 2015-ல் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஒரே பருவத்தில் எல்லா வகையிலும் சேர்த்து 3,864 கெஜம் கடந்து நீண்டகாலச் சாதனையை முறியடித்தும், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாமிடம்தான் பெற்றார். கிழக்கே வாக்களிப்பவர்கள் தூங்கிவிட்டார்கள் என்று மேற்கே இன்றும் சொல்வார்கள். அதை முழுதாக ஏற்க முடியாது. முந்தைய ஆண்டு அதே விருதை வென்றவர் ஆரிகனின் மார்கஸ் மரியோட்டா. ஆனாலும் நேரமும் எதிராக இருந்து, பாதி நாட்டில் சேனலும் கிடைக்கவில்லை என்றால் ஒரு வீரரின் பெயர் பரவுவது கடினம்தானே.

பணம் பின்தங்கியது

2012-13 நிதியாண்டில் பேக்-12 வருமானம் 33.4 கோடி டாலர். அன்றைக்கு நாட்டிலேயே அதிகம். அங்கிருந்துதான் மற்றவர்களைவிடப் பின்தங்கத் தொடங்கியது. கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் சேனல் கொடுத்தது எதிர்பார்த்ததில் சிறு பகுதி. அதன் வீடுகளின் எண்ணிக்கை 2 கோடியை எட்டவே திணறியது. பிக் டென், எஸ்.இ.சி. சேனல்கள் இதைப் போலப் பல மடங்கு வீடுகளில் இருந்தன.

2022 நிதியாண்டுக் கணக்கைப் பாருங்கள். பிக் டென் தன் உறுப்பினர் பள்ளிக்கு (பல்கலைக்கழகத்தையும் அங்கே பள்ளி என்பார்கள்) கொடுத்தது சுமார் 5.9 கோடி டாலர். எஸ்.இ.சி. சுமார் 5 கோடி. பேக்-12 சுமார் 3.7 கோடி. ஒரே ஆண்டில் இரண்டு கோடி டாலர் வித்தியாசம். பயிற்சியாளர் சம்பளம், பயிற்சிக் கூடம், மருத்துவம், விடுதி என்று எல்லாவற்றிலும் அது தெரியும்.

இந்த நிலையிலும் கூட்டமைப்பின் சான்ஃபிரான்சிஸ்கோ அலுவலகத்துக்கு ஆண்டு வாடகை 69 லட்சம் டாலர் போய்க்கொண்டிருந்தது. ஆணையரின் சம்பளம் 50 லட்சத்தைத் தாண்டியது. கூட்டமைப்பின் ஊடக உரிமைகளில் 10 சதவீதப் பங்கை 75 கோடி டாலருக்கு விற்கும் முயற்சி 2019-ல் கைவிடப்பட்டது. சேனல் விநியோகத்தைத் தானே பார்த்துக்கொள்வதாக ஈஎஸ்பிஎன் முன்வந்ததாகவும், பல்கலைக்கழகத் தலைவர்கள் அதை ஏற்கவில்லை என்றும் செய்திகள் வந்தன. ரசிகர் வீட்டுக்குச் சேனல் போய்ச் சேர ஒவ்வொரு முறை வாய்ப்பு வந்தபோதும், அதைவிடப் பெரிய தொகை பின்னால் வரும் என்று காத்திருந்தார்கள். 2021 கோடையில் ஸ்காட் விலகினார். ஜார்ஜ் கிளியாவ்கோஃப் வந்தார்.

ஐந்து வாரத்தில் சிதறிய கூட்டமைப்பு

2022 ஜூன் 30 அன்று யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. இரண்டும் பிக் டென் கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சலிஸ் சந்தை மொத்தமாகக் கைவிட்டுப் போனது. அந்த ஆகஸ்டில் பிக் டென் ஏழாண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. மிச்சம் இருந்த பத்து பள்ளிகளுக்கு ஈஎஸ்பிஎன் ஆளுக்கு 3 கோடி டாலர் தர முன்வந்ததாகவும், 5 கோடி கேட்டதால் பேச்சு முறிந்ததாகவும் பின்னாளில் செய்திகள் சொல்லின.

ஓராண்டு ஓடியது. 2023 ஜூலை 27-ல் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் கிளியாவ்கோஃப் கொண்டுவந்தது ஆப்பிள் நிறுவனத்தின் யோசனை: ஆட்டங்கள் பெரும்பாலும் இணையத்தில் சந்தா கட்டிப் பார்ப்பவர்களுக்கு. தொடக்கத் தொகை ஒரு பள்ளிக்குச் சுமார் 2.3 கோடி. சந்தா பெருகினால் தொகையும் பெருகும். பதினோராண்டு தேடியும் கிடைக்காத சேனல் ஒன்றை நடத்திப் பார்த்தவர்கள் அவர்கள். மறுபடியும் ரசிகர்களைத் தனிச் சந்தா தேடி அலையவைக்கும் ஏற்பாட்டுக்குத் துணிவு வரவில்லை. ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை ஒரே நாளில் ஐந்து பள்ளிகள் வெளியேறின. செப்டம்பர் 1-ல் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லான்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன. பசிபிக் கடலோரப் பள்ளிகள் அவை.

டைரக்டிவி இல்லாததால்தான் பேக்-12 உடைந்தது என்று சொன்னால் மிகையாகும். லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளிகளைப் பிக் டென் எப்படியும் குறிவைத்திருக்கும். ஆனால் கூடவே இருந்த பள்ளிகளைத் தக்கவைக்கும் பணமும் நம்பிக்கையும் இல்லாமல் போனதற்கு, 12 ஆண்டாகத் திறக்காத அந்தக் கதவு பெரிய காரணம்.

2024 ஜூன் 30-ம் தேதியோடு பேக்-12 சேனல்கள் நின்றன. அந்தச் சேனலின் வர்ணனையாளர்களில் ஒருவரும், இந்தக் கூட்டமைப்பை வாய் ஓயாமல் புகழ்ந்தவருமான கூடைப்பந்து மேதை பில் வால்டன் அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 27-ல் இறந்துபோனார்.

[பெட்டிச் செய்தி] யார் எங்கே போனார்கள்?

பிக் டென்: யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ., ஆரிகன், வாஷிங்டன்.

பிக் 12: கொலராடோ, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா.

ஏ.சி.சி.: ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி. டிவி வருமானத்தில் முழுப்பங்கு கிடையாது, முதல் ஏழாண்டுக்கு 30 சதவீதம் மட்டும்.

நின்றவை: வாஷிங்டன் ஸ்டேட், ஆரிகன் ஸ்டேட்.

மிச்சம் இரண்டு

விலகிய பள்ளிகளுக்கும் விலை உண்டு. யு.சி.எல்.ஏ. மாணவர்கள் கூட்டமைப்பு ஆட்டத்துக்கு நியூ ஜெர்சி வரை பறக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் வாலிபால் பெண்கள் பாஸ்டனுக்குப் போய்விட்டு வந்து வகுப்பில் உட்கார வேண்டும். கால்பந்து அணி பருவத்துக்கு நாலைந்து முறைதான் பயணம் போகும். வாரம் இரண்டு ஆட்டம் ஆடும் சிறிய விளையாட்டுகள்தான் அதிகம் அலைகின்றன. யு.சி.எல்.ஏ. வெளியேறியதால் பெர்க்லிக்கு நேர்ந்த இழப்புக்காக, ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் வீதம் மூன்றாண்டு கொடுக்க வேண்டும் என்று இரண்டையும் நிர்வகிக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக்குழு 2024 மே மாதம் முடிவுசெய்தது. ஒரே பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்களுக்குள் இப்படி ஒரு நஷ்டஈடு.

யாரும் அழைக்காத இரண்டு பள்ளிகளின் ஊர்கள் சிறியவை. ஆரிகன் ஸ்டேட் இருக்கும் கார்வாலிஸில் 16 கோடி டாலருக்கு மேல் செலவழித்து மைதானத்தைப் புதுப்பித்திருந்தார்கள். 2023 செப்டம்பரில் அதைத் திறந்தபோது அடுத்த பருவத்தில் ஆட ஒரு கூட்டமைப்பே மிச்சமில்லை. சனிக்கிழமை ஆட்டம் வந்தால்தான் இப்படிப்பட்ட ஊர்களில் விடுதி நிரம்பும், உணவகம் ஓடும், மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை கிடைக்கும்.

அந்த இரண்டு பள்ளிகளும் ஒதுங்கிவிடவில்லை. கூட்டமைப்பின் நிதியும் நிர்வாகமும் தங்களுக்கே என்று புல்மன் இருக்கும் விட்மன் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 நவம்பரில் நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஆரிகன் ஸ்டேட் பேஸ்பால் அணி 2025 பருவம் முழுக்கக் கூட்டமைப்பே இல்லாமல் ஊர் ஊராகப் போய் ஆடி, ஒமாஹாவில் நடக்கும் தேசிய இறுதிக்கட்டம் வரை போனது. மூன்று முறை பட்டம் வென்ற அணி அது. அந்தப் பருவத்தின் மன உறுதியை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

இப்போது எல்லோர் வீட்டிலும்

பேக்-12 ரசிகர்கள் பட்டதை இன்று அமெரிக்கா முழுவதும் தவணை முறையில் படுகிறது. 2023 ஆகஸ்ட் 31 இரவு, யூட்டா-ஃப்ளோரிடா ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, சார்ட்டர் கேபிள் நிறுவனத்தின் சுமார் 1.5 கோடிச் சந்தாதாரர்கள் ஈஎஸ்பிஎன்னை இழந்தார்கள். 2024 செப்டம்பர் 1, எல்.எஸ்.யு.வும் யு.எஸ்.சி.யும் மோதிய நாளில் டைரக்டிவியில் அதே கதை. சுமார் இரண்டு வாரம். 2025 அக்டோபர் கடைசியில் யூடியூப் டிவியில் ஈஎஸ்பிஎன் உள்ளிட்ட டிஸ்னி சேனல்கள் நின்றன. நவம்பர் 14-ல்தான் திரும்பின. கால்பந்துப் பருவத்தின் உச்சத்தில் இரண்டு சனிக்கிழமைகள் போயின.

தேதிகளைக் கவனித்தால் ஒன்று புரியும். ஒப்பந்தங்கள் பருவத்துக்கு நடுவே முடியும்படி அமைகின்றன. ரசிகரின் தவிப்பு உச்சத்தில் இருக்கும் நாளில்தான் பேரத்தில் அழுத்தம் அதிகம். அந்தத் தவிப்பை இரண்டு பக்கமும் ஆயுதமாக்குவது நியாயமே இல்லை. சேனல் நின்ற நாட்களுக்கும் மாதக் கட்டணம் முழுதாக வசூலாகிறது. யூடியூப் டிவி 20 டாலர் கழித்துக்கொடுக்க முன்வந்தது, அதுவும் நிறுவனத்தின் விருப்பத்தால். இருட்டான நாட்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியை அந்நாட்டு ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜனவரியில் முன்மொழிந்தது. அது இன்னும் விதியாகவில்லை. குறைந்தபட்சம் இதைச் செய்யலாம். பார்க்காத ஆட்டத்துக்கு ரசிகர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

மறுபடி ஒரு பேக்-12

பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சாஸ் ஸ்டேட், கூடைப்பந்தில் பெயர் பெற்ற கொன்சாகா ஆகியவை மிச்சமிருந்த இரண்டு பள்ளிகளோடு சேர்ந்து 2026-27 பருவத்துக்குப் புதிய பேக்-12 உருவாகியிருக்கிறது. சான் ரமோன் நகரில் பழைய சேனலின் தயாரிப்புக் கூடமும் ஆட்களும் கலையாமல் இருக்கிறார்கள். சேனல் மூடிய பிறகும் அவர்கள்தான் இரண்டு பள்ளிகளின் ஆட்டங்களை வேறு சேனல்களுக்காகப் படம்பிடித்தார்கள்.

புதிய ஒப்பந்தத்தில் தொகை எவ்வளவு என்று பலரும் தேடினார்கள். நான் முதலில் தேடியது எந்தெந்தச் சேனல் என்பதை. முதன்மை ஒளிபரப்பு சி.பி.எஸ்., கூடவே சி.டபிள்யூ. இவை இரண்டும் சாதாரண ஆன்டெனா வைத்தாலே இலவசமாகக் கிடைக்கும் சேனல்கள். மூன்றாவது யு.எஸ்.ஏ. நெட்வொர்க். அது கட்டணச் சேனல். டைரக்டிவியிலும் அது இருக்கிறது.